யோம் கிப்பூர்: உண்ணாமையின் அளவுகளும் மன்னிப்பின் வரிசையும்

யூதர்களின் ஆண்டில் நோன்பு நாட்கள் பல உண்டு. அவற்றில் வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவே நேரடியாக விதித்தது ஒன்றுதான்: திஷ்ரி மாதம் பத்தாம் நாள், யோம் கிப்பூர். தமிழ் வேதாகமத்தில், லேவியராகமத்தில், 'பாவநிவிர்த்தி செய்யும் நாள்' என்று வருவது இதுதான். ஒன்பதாம் நாள் சூரியன் மறைவதற்குச் சற்று முன்பு தொடங்கி, பத்தாம் நாள் இரவு விண்மீன்கள் தெரியும்வரை, ஏறத்தாழ 25 மணி நேரம் உணவும் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்தப் பட்டினிதான் முதலில் தெரியும். யூதச் சட்ட நூல்களைப் பிரித்துப் பார்த்தால், பட்டினிக்கு அளவு இருக்கிறது, வயது வரம்பு இருக்கிறது, விலக்கு இருக்கிறது, நோன்பே இருக்கக் கூடாதவர்கள் யார் என்ற பட்டியலும் இருக்கிறது. விலக்கு எளிதில் கிடைக்காத கடமை வேறொன்று. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் யோமா பகுதி, எட்டாம் அதிகாரம் அதைச் சொல்கிறது: மனிதன் கடவுளுக்கு எதிராகச் செய்த குற்றங்களை யோம் கிப்பூர் தீர்த்துவைக்கும், சக மனிதனுக்கு எதிராகச் செய்ததை, அந்த மனிதனின் மனம் ஆறும்வரை தீர்த்துவைக்காது. நாள் முழுவதும் கண்ணீர்விட்டு ஜெபித்தாலும் பக்கத்து வீட்டுக்காரரிடம் பட்ட கடன் அப்படியேதான் நிற்கும். இந்த நாளின் மற்ற விதிகளை எல்லாம் இந்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால்தான் அவற்றின் பொருள் பிடிபடும்.

எந்த நாளில் வரும்

யூத நாட்காட்டி சந்திரனின் மாதங்களைச் சூரியனின் ஆண்டோடு ஒட்டவைத்து ஓடுவது. அதனால் யோம் கிப்பூர் செப்டம்பர் நடுப்பகுதிக்கும் அக்டோபர் நடுப்பகுதிக்கும் இடையே நகரும். 2025இல் அக்டோபர் 1 மாலை தொடங்கி 2 வியாழன் இரவு முடிந்தது. 2026இல் செப்டம்பர் 20 ஞாயிறு மாலை தொடங்கி 21 திங்கள் இரவு முடியும்.

வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் யோம் கிப்பூர் வரவே வராது. நாட்காட்டியின் கணக்கே அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. வாராந்தர ஓய்வுநாளான சனிக்கிழமை சப்பாத்தை ஒட்டி இந்த நாள் வந்தால், அடுத்தடுத்து இரண்டு நாட்கள் அடுப்பு மூட்ட முடியாது, இறந்தவரை அடக்கம் செய்ய முடியாது. சனிக்கிழமையன்றே வந்தால் சிக்கல் இல்லை. மற்ற நோன்புகள் சப்பாத்தில் விழுந்தால் வேறு நாளுக்குத் தள்ளிவைக்கப்படும். இது மட்டும் தள்ளிவைக்கப்படாது. செவ்வாயும் விலக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அதற்குக் காரணம் பதினொரு நாள் கழித்து, சுக்கோத் பண்டிகையின் ஏழாம் நாளாக வரும் ஹோஷானா ரபாவின் சடங்கு சப்பாத்தில் விழக் கூடாது என்பது. எஞ்சுவது திங்கள், புதன், வியாழன், சனி.

இஸ்ரேலில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். 2005இல் வந்த சட்டப்படி யோம் கிப்பூருக்கு முந்தைய ஞாயிறன்றே அதைப் பழைய நேரத்துக்குத் திருப்பிவிட வேண்டியிருந்தது. நோன்பு அதே 25 மணி நேரம்தான். ஆனால் கடிகாரம் ஆறு மணி காட்டும்போது முடிவதும் ஏழு காட்டும்போது முடிவதும் விழித்திருந்து பசியோடு காத்திருப்பவருக்கு ஒன்றல்ல என்பது வாதம். ஒரு நாள் நோன்புக்காக நாடு முழுவதும் பகல் வெளிச்சத்தை இழப்பதா என்று ஆண்டுதோறும் சண்டை நடந்தது. 2013இல் சட்டம் மாறி, கோடைக்கால நேரம் அக்டோபர் கடைசி ஞாயிறுவரை நீண்டது.

முதலில் மனிதர்களிடம்

திஷ்ரி முதல் நாள் ரோஷ் ஹஷானா, புத்தாண்டு. அன்றிலிருந்து யோம் கிப்பூர்வரை உள்ள பத்து நாட்கள் மனந்திரும்புதலின் நாட்கள். ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு மரபிலுள்ள செஃபார்டி யூதர்கள் அதற்கும் முந்தைய எலுல் மாதம் முழுவதும் விடியலுக்கு முன் எழுந்து பாவமன்னிப்பு ஜெபங்களைச் சொல்வார்கள். ஐரோப்பிய அஷ்கெனாசி மரபில் அது ரோஷ் ஹஷானாவுக்குச் சில நாட்கள் முன்புதான் தொடங்கும்.

மனந்திரும்புதலுக்கு எபிரேயத்தில் தெஷூவா என்று பெயர். 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் தம் சட்டத் தொகுப்பில் அதற்குப் படிகள் வகுத்தார். செய்துகொண்டிருக்கும் தவறை நிறுத்துவது, அதற்காக வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உள்ளத்தில் உறுதிகொள்வது, இவற்றை வாயால், சொற்களில், அறிக்கையிடுவது. மனத்துக்குள் நினைத்துக்கொண்டால் போதாது. முழுமையான தெஷூவா எது என்பதற்கு அவர் கடுமையான ஒரு சோதனையும் வைத்தார்: அதே தவறைச் செய்ய அதே வாய்ப்பு மீண்டும் கிடைக்க வேண்டும், செய்யும் வலிமையும் இருக்க வேண்டும், அச்சத்தாலோ இயலாமையாலோ அல்லாமல் மனம் மாறியதால் விலகி நிற்க வேண்டும்.

இன்னொருவருக்குச் செய்த தீங்கு என்றால் வரிசை மாறும். திருடியதோ ஏமாற்றியதோ இருந்தால் பணம் முதலில் திரும்பிப் போக வேண்டும். அதன் பிறகுதான் மன்னிப்புக் கேட்பது. பணத்தைக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் இருப்பதும் போதாது. அவர் மன்னிக்க மறுத்தால் அவருடைய நண்பர்கள் மூவரை அழைத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். அப்படி இரண்டாம் முறை, மூன்றாம் முறையும் கேட்டு அவர் இறங்கிவரவில்லை என்றால் விட்டுவிடலாம். இனிக் குற்றம் மன்னிக்காதவர் பக்கம். தீங்குக்கு ஆளானவர் தம் ஆசிரியர் என்றால் மூன்று முறை என்ற எல்லை கிடையாது, மன்னிக்கும்வரை போய்க்கொண்டே இருக்க வேண்டும். இறந்துபோனவர் என்றால் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய், இன்ன தவறு செய்தேன் என்று அவர்கள் முன்னிலையில் சொல்ல வேண்டும். பணம் பாக்கி இருந்தால் வாரிசுகளிடம் தர வேண்டும். கேட்கப்படுபவருக்கும் கடமை உண்டு: உண்மையாக வருந்தி வந்தவரிடம் இரக்கமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது.

நடைமுறையில் பலரும் சறுக்கும் இடம் இதுதான். 'இந்த ஆண்டில் தெரிந்தோ தெரியாமலோ உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள்' என்ற ஒரே செய்தியைக் கைபேசியில் உள்ள எல்லாருக்கும் அனுப்பிவிடுவது இப்போது பரவலாகிவிட்டது. அதில் செய்த செயல் பெயர் சொல்லப்படுவதில்லை. உண்மையில் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவரோடு பேச்சே நின்றுபோயிருக்கும். அவர் அந்தப் பட்டியலில் இருக்கவே மாட்டார். மன்னிப்புக் கேட்கும்போதே 'நீயும்தான் அன்றைக்கு…' என்று கணக்கைத் திறப்பது இன்னொரு சறுக்கல். கடைசி நாள்வரை ஒத்திப்போட்டால் மூன்று முறை போய்க் கேட்க நேரம் இருக்காது. பத்து நாட்கள் எதற்குக் கொடுக்கப்பட்டன என்பது அப்போது புரியும்.

இதில் தீராத ஒரு கேள்வியும் உண்டு. ஒருவரைப் பற்றிப் புறங்கூறியிருக்கிறீர்கள், அது அவருக்குத் தெரியாது. போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டுமா? ஹஃபெட்ஸ் ஹயிம் என்று அழைக்கப்பட்ட ரப்பி (யூத மத ஆசிரியர்) இஸ்ரேல் மேயர் ககான், அந்தப் பேச்சால் அவருக்கு உண்மையில் தீங்கு நேர்ந்திருந்தால் சொல்லியே ஆக வேண்டும் என்றார். ரப்பி இஸ்ரேல் சாலன்டர் இதை ஏற்கவில்லை என்பது மரபுவழிச் செய்தி: தெரியாமல் நிம்மதியாக இருப்பவரிடம் போய்ப் புதிதாக ஒரு காயத்தை உண்டாக்கி, அதற்கு மன்னிப்பும் கேட்பது எப்படி நியாயமாகும்? இரண்டாவது நிலைப்பாட்டின் பக்கமே நியாயம் அதிகம் என்பது எங்கள் கருத்து. தன் மனப்பாரத்தை இறக்கிவைக்க இன்னொருவர் தோளைத் தேடுவது தெஷூவா ஆகாது.

ஒன்பதாம் நாள்: உண்பதே கடமை

நோன்புக்கு முந்தைய நாளில் நன்றாகச் சாப்பிடுவது வெறும் அனுமதி அல்ல, கடமை. ஒன்பதாம் நாளில் உண்டு குடிப்பவர் ஒன்பதும் பத்தும் நோன்பிருந்தவருக்குச் சமம் என்கிறது, மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூத். அன்று வருந்தி விரதம் இருப்பதற்கு இடமில்லை.

நோன்பில் உடலை முதலில் வாட்டுவது பசி அல்ல, நீர் இழப்பு. அதனால் முந்தைய நாள் காலையிலிருந்தே தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும். கடைசி அரைமணி நேரத்தில் ஒரு லிட்டரை மொத்தமாகக் குடித்தால் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். உப்பும் காரமும் குறைக்க வேண்டும். ஊறுகாய், உப்பு மீன், எண்ணெயில் பொரித்தவை எல்லாம் மறுநாள் தாகமாகத் திரும்பி வரும். கடைசி வேளையில் அஷ்கெனாசி வீடுகளில் கோழி சூப்பு, அதில் இறைச்சி வைத்து மடித்த மாவுக் கொழுக்கட்டையான கிரெப்லாக், வேகவைத்த கோழி, சோறு அல்லது உருளைக்கிழங்கு இருக்கும். காரமில்லாத, மெதுவாகச் செரிக்கும் சாப்பாடு.

காபி, தேநீர் பழக்கம் உள்ளவர்கள் ஒரு வாரம் முன்பே தயாராக வேண்டும். காஃபீன் நின்ற 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். யோம் கிப்பூரில் அது பகல் தொழுகையின் நடுவே வந்து நிற்கும். 1995இல் வெளியான இஸ்ரேலிய மருத்துவமனை ஊழியர்கள் பற்றிய ஆய்வு ஒன்றில், நோன்பிருந்தவர்களில் சுமார் 39 விழுக்காட்டினருக்குத் தலைவலி வந்தது. இராதவர்களில் 7 விழுக்காடு. எல்லாம் காஃபீனால் மட்டும் வருவதல்ல, ஆனால் குறைக்கக்கூடிய காரணம் அதுதான். நாளுக்கு நான்கு கோப்பை குடிப்பவர் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு கோப்பையைக் குறைத்துவந்தால் அந்த நாள் வரும்போது உடல் பழகியிருக்கும்.

சிலர் இதற்கு முன்பு கப்பரோத் என்ற சடங்கையும் செய்வார்கள்: ஒரு கோழியைத் தலையைச் சுற்றி மூன்று முறை சுழற்றி, பின் அறுத்து, கோழியையோ அதன் விலையையோ ஏழைகளுக்குக் கொடுப்பது. 16ஆம் நூற்றாண்டில் சுல்ஹான் அரூக் சட்டத் தொகுப்பை எழுதிய யோசேஃப் காரோ இந்த வழக்கத்தைத் தடுக்க வேண்டும் என்று எழுதினார். அதே நூலுக்கு அஷ்கெனாசி குறிப்புகள் எழுதிய மோசே இசர்லெஸ் அதை ஆதரித்தார். இன்று பலர் கோழிக்குப் பதிலாகத் துணியில் முடிந்த பணத்தைச் சுழற்றி அதைத் தானம் செய்கிறார்கள். கூண்டுகளில் வெயிலில் கோழிகளை அடைத்துவைத்து, இரவோடிரவாக அவசரத்தில் அறுப்பதால் அறுப்பு விதிகளே தவறுகின்றன என்று சட்ட அறிஞர்களே எச்சரித்திருக்கிறார்கள். பணத்தால் செய்வதே மேல்.

பிற்பகல் மின்ஹா தொழுகையிலேயே முதல் பாவ அறிக்கை சொல்லப்படும், கடைசிச் சாப்பாட்டுக்கு முன்பு. உண்ணும்போது ஏதாவது ஆகி அறிக்கை இல்லாமலே இறந்துவிடக் கூடாது என்பது அதன் காரணம். பிறகு உணவு, பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசி, விளக்கேற்றுதல். 24 மணி நேரத்துக்கு மேல் எரியும் மெழுகுவர்த்தி ஒன்றும் ஏற்றுவார்கள். மறுநாள் இரவு அதற்கு வேலை உண்டு. மின்விளக்கு, குளிர்சாதனம், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் இப்போதே ஒழுங்குசெய்துவிட வேண்டும், ஏனென்றால் சப்பாத்தில் விலக்கப்பட்ட எல்லா வேலைகளும் யோம் கிப்பூரிலும் விலக்கு. சுவிட்சைத் தொட முடியாது; எழுத, வண்டி ஓட்ட, கைபேசி எடுக்க முடியாது.

சாப்பாட்டை முடித்தவுடன் நோன்பு தொடங்கிவிட்டதாக எண்ணிக்கொள்வது இன்னொரு தடுமாற்றம். சூரியன் மறைய இன்னும் கால்மணி இருக்கும், தண்ணீர் தவிக்கும், குடிக்கலாமா என்று குழப்பம். அதனால்தான் உணவு முடியும்போது 'நேரம் வரும்வரை நான் நோன்பை ஏற்கவில்லை' என்று மனத்திலோ வாயாலோ சொல்லிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது.

ஐந்து விலக்குகள்

'ஆத்துமாக்களைத் தாழ்மைப்படுத்துதல்' என்று வேதாகமம் சொல்வதை மிஷ்னா ஐந்தாகப் பிரிக்கிறது: உண்பதும் குடிப்பதும், கழுவுவது, எண்ணெய் பூசுவது, தோல் செருப்பு அணிவது, உடலுறவு. இவற்றில் மிகக் கனமானது முதலாவது.

கழுவுவதில் தடுக்கப்பட்டது சுகத்துக்காகக் கழுவுவது. காலையில் எழுந்ததும், கழிப்பறைக்குப் போய்வந்ததும் விரல்களை மட்டும், விரல் உள்ளங்கையில் சேரும் கணுவரை கழுவலாம். கையில் அழுக்குப் பட்டால் பட்ட இடத்தை மட்டும். குழந்தைக்கு உணவு தயாரிப்பவர், நோயாளியைத் தொடும் மருத்துவர் தேவையான அளவு கழுவலாம். வாய் கொப்பளிப்பது, பல் துலக்குவது கூடாது. களிம்பு, வாசனைத் தைலம் பூசுவது எண்ணெய் விலக்கில் அடங்கும். புண்ணுக்கு மருந்து இடுவது அடங்காது.

செருப்பில் கவனிக்க வேண்டியது தோல் மட்டுமே. ரப்பர், துணி, பிளாஸ்டிக் எதுவானாலும் சரி. நல்ல உடையில் வந்தவர்கள் காலில் கேன்வாஸ் காலணியோடு நிற்பது அன்று ஜெப ஆலயங்களில் சாதாரணக் காட்சி. துணிக் காலணி என்று நினைத்ததன் ஓரத்தில் தோல் பட்டை தைத்திருப்பது கிளம்பும் நேரத்தில்தான் கண்ணில் படும், ஆகவே முந்தைய நாளே பார்த்துவைப்பது நல்லது. தோல் பெல்ட்டுக்குத் தடை இல்லை.

ஒன்பது வயதுக்குக் குறைந்த குழந்தைகள் நோன்பிருக்க விடப்படுவதில்லை. அதன் பின் காலைச் சாப்பாட்டை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவதுபோல் படிப்படியாகப் பழக்குவார்கள். பெண்ணுக்கு 12, பையனுக்கு 13 வயது முடிந்தால் முழு நோன்பு.

நோயாளி உண்பது சலுகை அல்ல, சட்டம்

கடவுளின் கட்டளைகளால் 'வாழ வேண்டும்' என்று லேவியராகமம் 18 சொல்வதை, 'அவற்றால் சாகக் கூடாது' என்று தல்மூத் விரித்தது. உயிருக்கு ஆபத்து என்ற ஐயம் இருந்தாலே நோன்பு விலகிவிடும். மருத்துவர் சொன்னால் நோயாளி உண்ண வேண்டும், தனக்குத் தேவையில்லை என்று அவரே சொன்னாலும். மருத்துவர் தேவையில்லை என்று சொல்லி, நோயாளி தேவை என்று சொன்னால் அப்போதும் உணவு கொடுக்க வேண்டும், ஏனென்றால் தன் வலி தனக்குத்தான் தெரியும். பிரசவமாகி மூன்று நாட்களுக்குள் உள்ள பெண் நோன்பு இருக்கவே கூடாது. மூன்றிலிருந்து ஏழு நாள்வரை அவள் 'எனக்கு வேண்டும்' என்றால் கொடுக்க வேண்டும். உணவின் மணம் பட்டு மசக்கைத் தவிப்புக்கு ஆளான கர்ப்பிணிக்கு என்ன செய்வது என்றும் நூல்கள் பேசுகின்றன: இன்று யோம் கிப்பூர் என்று முதலில் காதில் சொல்லுங்கள், அடங்கவில்லை என்றால் குழம்பில் தோய்த்த குச்சியை வாயில் வையுங்கள், அதுவும் போதவில்லை என்றால் குழம்பைக் கொடுங்கள், பிறகு உணவையே கொடுங்கள். மற்றபடி கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பொதுவாக நோன்பிருப்பவர்களே. ஆனால் படுத்து ஓய்வெடுக்க வேண்டும், தொழுகைக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை, சிக்கலான கர்ப்பம் என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவைக்க வேண்டும்.

முழு வேளை உண்பதற்கும் முழு நோன்புக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. தண்டனைக்குரிய அளவு என்று மிஷ்னா வைத்தது உணவில் கொட்டையோடு சேர்ந்த ஒரு பெரிய பேரீச்சம்பழம். பானத்தில் ஒரு கன்னம் நிறையும் அளவு. உணவும் பானமும் ஒன்றாகக் கூட்டப்படாது, தனித்தனிக் கணக்கு. இதைக் கொண்டு, நீண்ட நேரம் பட்டினி ஆகாதவர்களுக்கு அளவு குறைத்து உண்ணும் முறையை அறிஞர்கள் வகுத்தார்கள். பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கில், உணவு 30 மில்லிலிட்டர் கொள்ளளவுக்குக் குறைவாக, ஒன்பது நிமிட இடைவெளியில். பானம் ஒவ்வொருவர் வாய்க்கும் மாறுபடும் என்பதால் முந்தைய நாளே அளந்துவைக்க வேண்டும்: வாய் நிறையத் தண்ணீர் எடுத்து ஒரு குவளையில் துப்பி, அதன் பாதியைக் குறித்துக்கொண்டு, அதற்குச் சற்றுக் குறைவாக ஒவ்வொரு முறையும் குடிப்பது. வளர்ந்தவர்களுக்கு அது சுமார் 40 மில்லிலிட்டர் வரும். ஒன்பது நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் ஒரு மணி நேரத்தில் ஆறு முறை, ஏறத்தாழ கால் லிட்டர். பலருக்கு இதுவே போதுமானது. சின்னக் குவளையும் கடிகாரமும் மேசையில் இருந்தால் போதும்.

இந்த முறை பொருந்தாத இடங்களை அறிந்திருப்பது இன்னும் முக்கியம். இன்சுலின் போடும் நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை திடீரென இறங்கினால் 30 மில்லிலிட்டர், ஒன்பது நிமிடம் என்று எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே, தேவையான அளவு இனிப்பு. இன்சுலினைத் தாமாகவே நிறுத்திவிடுவது நோன்பை விட ஆபத்தானது. மருந்தளவை மருத்துவர்தான் மாற்றித் தர வேண்டும். உயிர் காக்கும் மாத்திரைகளை அன்றும் உட்கொள்ள வேண்டும், தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியாதவர்கள் எப்படி விழுங்குவது என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மார்பில் அடித்துக்கொண்டு, 'இத்தனை வருடம் இருந்தேன், இந்த வருடமும் இருப்பேன்' என்று பிடிவாதம் பிடிக்கும் முதியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: நோன்பை விதித்த அதே சட்டம் உங்களை உண்ணச் சொல்கிறது, மறுப்பது பக்தி அல்ல, மீறல். 1848இல், இன்று லித்துவேனியாவிலுள்ள வில்னாவில் காலரா பரவியபோது மக்கள் உண்ணலாம் என்று அறிவிக்கப்பட்டது. ரப்பி சாலன்டர் ஜெப ஆலயத்தில் எல்லார் முன்னிலும் தாமே உண்டு காட்டினார் என்ற கதை பல வடிவங்களில் வழங்குகிறது. அவர் உண்டாரா, அறிவித்தது மட்டும்தானா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை.

இஸ்ரேலில் முதியோரைப் பராமரிக்கும் வேலையில் இந்தியர்கள் பலர் இருக்கிறார்கள். யூதரல்லாத அவர்களுக்கு நோன்பு விதி பொருந்தாது. ஆனால் அன்று பேருந்து ஓடாது, கடைகள் திறக்காது. மருந்தும் தங்களுக்கான உணவும் முந்தைய நாள் நண்பகலுக்குள் வாங்கிவைக்க வேண்டும். முதியவர் எப்படி உண்ண வேண்டும் என்று குடும்பத்தாரிடமும் மருத்துவரிடமும் எழுதி வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. ஆம்புலன்ஸ் எண் 101 அன்றும் இயங்கும்.

ஆலயத்திலிருந்து ஜெபத்துக்கு

கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடிக்கும்வரை இந்த நாளின் மையம் தலைமைக் குருதான். ஏழு நாள் முன்பே வீட்டைவிட்டு ஆலய அறை ஒன்றில் தனியே தங்கவைப்பார்கள்; அவருக்கு ஏதாவது நேர்ந்தால் என்று மாற்றாக இன்னொருவரையும் தயாராக வைப்பார்கள். அன்று அவர் ஐந்து முறை நீரில் மூழ்கி, பத்து முறை கைகால் கழுவி, வெள்ளை நாருடையில் மகா பரிசுத்த இடத்துக்குள் தூபத்தோடு நுழைவார். இரண்டு ஆட்டுக்கடாக்களுக்குச் சீட்டுப் போட்டு, ஒன்று பலியாகும். இன்னொன்று, தமிழ் வேதாகமம் 'போக்காடு' என்பது, மக்களின் குற்றங்களைச் சுமந்து வனாந்தரத்துக்கு அனுப்பப்படும்.

அந்த ஆட்டை ஓட்டிச் சென்றவருக்கு வழியில் பத்துக் குடில்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 'இதோ உணவு, இதோ தண்ணீர்' என்று சொல்வார்கள், ஆண்டின் மிகப் பெரிய நோன்பு நாளில்! யாருக்கும் அது தேவைப்படவில்லை என்கிறது தல்மூத். ஆனாலும் கூடையில் அப்பம் இருப்பவனும் இல்லாதவனும் ஒன்றல்ல. நோயாளிக்கான விதிகளில் தெரியும் அதே மனம்தான் இதிலும்.

ஆலயம் போனபின் அந்த இடத்துக்கு ஜெபம் வந்தது. சாதாரண நாட்களில் மூன்று தொழுகை, யோம் கிப்பூரில் ஐந்து. அதற்கு முன், சூரியன் மறையும் முன்பே, தோரா சுருள்களை ஏந்தியவர்கள் இருபுறமும் நிற்க, கோல் நித்ரே மூன்று முறை பாடப்படும். மெட்டு உருக்கமானது, உள்ளடக்கம் ஒரு சட்டப் பத்திரம், அரமேய மொழியில். நேர்ந்துகொண்டு நிறைவேற்ற முடியாமல் போன சொந்தப் பொருத்தனைகளை அது நீக்குகிறது. இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கையோ நீதிமன்றச் சத்தியத்தையோ அது தொடாது. யூதன் சத்தியம் செல்லாது என்று இதைக் காட்டி ஐரோப்பாவில் நெடுங்காலம் பழிசுமத்தினார்கள். 1844இல் பிரவுன்ஷ்வைகில் கூடிய சீர்திருத்த ரப்பிகள் அதை நீக்கிவிடவே பரிந்துரைத்தார்கள். மக்கள் விடவில்லை.

பாவ அறிக்கை, முந்தைய பிற்பகலையும் சேர்த்து, பத்து முறை வரும். எபிரேய அகரவரிசையில் அடுக்கப்பட்ட அந்தப் பட்டியலைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் மார்பில் மெல்லத் தட்டிக்கொள்வார்கள். 'நான்' என்று வராது, 'நாம் செய்தோம்' என்றே வரும். அஷ்கெனாசி மரபின் நீண்ட பட்டியலில் 44 வரிகள்: லஞ்சம், வட்டி, கொடுக்கல் வாங்கலில் செய்த வஞ்சனை, புறங்கூறல், பெற்றோரையும் ஆசிரியரையும் மதியாமை, கல்மனம். சடங்குக் குறைகள் அதில் அரிது; பெரும்பாலும் மனிதர் மனிதருக்குச் செய்தவை. காலையில் ஏசாயா 58 வாசிக்கப்படும். தலையை நாணலைப்போல் வளைத்து இரட்டுத் துணியில் படுப்பதா நான் விரும்பும் நோன்பு, பசித்தவனுக்கு உன் அப்பத்தைப் பகிர்ந்துகொடு என்று பட்டினி கிடப்பவர்கள் முன்னாலேயே அந்தத் தீர்க்கதரிசி கேட்கிறார். பிற்பகலில் யோனாவின் புத்தகம்.

இந்தியாவில் கொங்கணக் கரையில் செக்கு ஆட்டி வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள், மற்ற யூத உலகத்தோடு தொடர்பு இல்லாமல் இருந்த காலத்திலும் இந்த நாளை விடவில்லை. வெள்ளை உடுத்தி, வீட்டுக் கதவுகளை அடைத்துக்கொண்டு உள்ளேயே நோன்பிருந்தார்கள். அவர்கள் மராத்தியில் இட்ட பெயரே கதவடைக்கும் பண்டிகை என்பதுதான். மறுநாள் ஏழைகளுக்குத் தானமும் உறவினர் வீடுகளுக்குப் போய்வருவதும்.

இன்றைய இஸ்ரேலில் விமான நிலையம் மூடப்படும், தொலைக்காட்சியும் வானொலியும் நிற்கும், நெடுஞ்சாலைகளில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுவார்கள். கார் ஓட்டக் கூடாது என்று சட்டம் இல்லை, பெரும்பாலோர் ஓட்டுவதில்லை. 1973 அக்டோபர் 6, எகிப்தும் சிரியாவும் தாக்கியது இப்படியொரு நாளின் பிற்பகலில். ஜெப ஆலயங்களிலிருந்து நேராகப் போர்முனைக்கு அழைக்கப்பட்டார்கள். அந்தத் தலைமுறைக்கு யோம் கிப்பூர் இரண்டு நினைவுகளின் நாள்.

நோன்பை முடிப்பது

கடைசித் தொழுகை நெயிலா, மாலை வெயில் சாயும்போது தொடங்கும். முடிவில் ஆட்டுக்கடாவின் கொம்பான ஷோஃபார் ஒரு நீண்ட ஊதல். அத்தோடு சாப்பிட்டுவிடக் கூடாது. புனித நாளை முடித்துவைக்கும் ஹவ்தாலா ஜெபத்தைச் சொல்ல வேண்டும். திராட்சை ரசம் ஒரு கிண்ணம், முந்தைய மாலையிலிருந்து எரிந்துகொண்டிருந்த சுடரிலிருந்து ஏற்றிய திரி. புதிதாகத் தீக்குச்சி கிழித்து ஏற்றிய சுடர் இதற்கு ஆகாது. சனிக்கிழமை இரவாக இல்லாவிட்டால் வழக்கமான வாசனைப் பொருள் கிடையாது.

முதலில் நீர்மம், அதுவும் சிறிது இனிப்போடு. ஈரானிய யூதர்கள் ஆப்பிளைத் துருவிப் பன்னீரும் சர்க்கரையும் சேர்த்துக் குளிரக் குடிப்பார்கள். துருக்கி, கிரேக்கப் பகுதி யூதர்கள் முலாம்பழ விதையை அரைத்துப் பால்போலப் பிழிந்து குடிப்பார்கள். அமெரிக்காவில் பேகலும் புகையூட்டிய மீனும். கால்மணி நேரம் பொறுத்து லேசான உணவு. காய்ந்த வயிற்றில் எண்ணெயும் இறைச்சியும் குவிந்தால் வாந்தியும் வயிற்றுவலியும் நிச்சயம். நாள் முழுக்க நின்று ஜெபித்தவர்கள் சட்டென எழுந்தால் தலை சுற்றும். உட்கார்ந்தே குடிப்பது நல்லது.

ஐந்து நாளில் சுக்கோத் பண்டிகை. அதற்கான ஓலைக்கூரைக் குடிலைக் கட்டும் வேலையை அன்றிரவே தொடங்குவார்கள், ஒரு கம்பையாவது நட்டுவைப்பார்கள். பத்து நாட்களில் போய்ப் பார்க்க முடியாமல் விட்டுப்போன மனிதர் யாராவது இருந்தால், தீர்ப்பின் கடைசி முத்திரை திஷ்ரி 21, ஹோஷானா ரபா அன்றுதான் விழுகிறது என்று மரபு சொல்வதால், அதற்குள் போகலாம். அதையும் தவறவிட்டவருக்கும் கடமை நீங்கிவிடுவதில்லை. எந்த மாதத்திலும் போய்க் கதவைத் தட்டலாம்.